கரடிக்கு முதுகளவு

எங்கள் குடும்பத்தில் யாரும் சொன்ன விலைக்கு எதையும் வாங்கியதில்லை. என் கல்யாணப் பேச்சும் அப்படித்தான் நடந்தது. அப்பா இரண்டு படி ஏற்றிச் சொன்னார், பெண் வீட்டார் மூன்று படி இறக்கிக் கேட்டார்கள், நடுவில் எங்கேயாவது வந்து நிற்கும் என்று இரு தரப்பும் நம்பின. நிற்கவில்லை. அடுத்த வீடு, அதற்கடுத்த வீடு. சரக்கு தேங்கினால் மவுசு இறங்கும் என்பது அப்பாவுக்குத் தெரியாததல்ல; பெற்ற பிள்ளை விஷயத்தில் மறந்துவிட்டார். இப்போது எனக்கு ஐம்பத்தொரு வயது. எங்கள் ஜவுளிக்கடையின் பின்பக்க அறையில் துண்டு மிச்சங்களை விற்கிறேன். சந்தையில் என் பெயரும் கட்பீஸ்தான்.

கடையைத் தம்பி பார்த்துக்கொள்கிறான். கடைக்கு மேல் மாடியில் அவன் குடும்பம், அதற்கு மேல் ஒற்றை அறையில் நான். மரியாதைக்கு ஒரு குறைவும் இல்லை. தம்பி மனைவி சாப்பாட்டு கேரியரை என் வாசலில் வைத்து, கதவை ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போவாள். நான் திறப்பதற்குள் பாதிப் படி இறங்கியிருப்பாள். மரியாதை என்றால் வேறொன்றுமில்லை, யாரும் கிட்டே வராமல் பார்த்துக்கொள்வது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூங்காவில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். ஆளுயர வெள்ளை முயல் ஒன்று வந்து பக்கத்தில் உட்கார்ந்தது. உள்ளே மனிதர்தான், ஆணா பெண்ணா என்று தெரியவில்லை. என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தது. பிறகு இரண்டு கைகளாலும் என்னைக் கட்டிப்பிடித்து, மூன்று எண்ணும் நேரம் வைத்திருந்து, விட்டுவிட்டு எழுந்து போனது.

நான் முதலில் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தேன். வியாபாரி வீட்டுப் பிள்ளை. பர்ஸ் இருந்தது. இதற்குமுன் என்னைக் கட்டிப்பிடித்தது யார் என்று அப்புறம்தான் யோசித்தேன். மார்பளவு எடுக்க நாடாவைச் சுற்றிய தையல்காரர் ஞாபகத்துக்கு வந்தார். அவரும் அளவு கிடைத்ததும் கையை எடுத்துவிட்டார்.

விசாரித்ததில், அவர்கள் ஒரு கூட்டம். ஞாயிறுதோறும் மிருக வேஷத்தில் பூங்காவுக்கு வருவார்கள். தலையை மாட்டிக்கொண்டால் பேசக் கூடாது. வருஷத்துக்கு ஒரு முறை பூங்காவிலிருந்து பாலம்வரை ஊர்வலமாக நடப்பார்கள். புதிதாகச் சேர்கிறவர்கள் அந்த நடையில்தான் சேர வேண்டும். அதற்கு இன்னும் இரண்டு மாதம் இருந்தது. தவறினால் ஒரு வருஷம் காத்திருக்க வேண்டும்.

கூட்டத்துக்குத் தலைமை ஓநாய். வேஷத்தைக் கழற்றினால் அவர் பல்செட் செய்கிற வழுக்கைத் தலைக்காரர். அவருடைய பட்டறைக்குப் போனேன். அலமாரி முழுக்க வாயில்லாத தாடைகள் சிரித்துக்கொண்டிருந்தன.

"கடையில வாங்கினது செல்லாது. அவங்கவங்க கையால தச்சதா இருக்கணும்" என்றார்.

"தைக்கிறது பெரிசில்ல. எத்தன மீட்டர் பிடிக்கும்?"

"மீட்டர் கெடக்கட்டும். மொதல்ல உடம்பு. தொளதொளன்னு தச்சா படியில தடுக்கும். போன வருஷம் ஒரு பாண்டா விழுந்து, பின்னாடி வந்த ரெண்டு மானும் அது மேல விழுந்துச்சு. உடம்போட ஒட்டினாத்தான் சேத்துக்குவேன்."

"அதுக்கு எப்படி அளவெடுக்கிறது?"

"நாடா வேலைக்காவாது. பழைய துணி இறுக்கமா போட்டுக்குங்க. மேல ப்ளாஸ்டிக் தாள். அதுக்கு மேல கழுத்துலேர்ந்து கணுக்கால் வரைக்கும் ஒட்டுற டேப்ப சுத்தணும். முன்பக்கமா வெட்டி வெளிய வந்தீங்கன்னா உங்க உடம்பு ஒரு கூடு மாதிரி நிக்கும். அத துண்டு துண்டா பிரிச்சா பேட்டர்ன். வெட்டின எடத்துல ஜிப்பு."

"சுத்தறது யாரு?"

அவர் ஒரு கடைவாய்ப் பல்லை அரத்தால் தேய்த்துக்கொண்டே சொன்னார்: "வீட்டுல யாராவது இருப்பாங்கல்ல, அவங்கள சுத்தச் சொல்லுங்க. ரெண்டு மணி நேர வேலதான்."

"இருக்காங்க" என்றேன். இல்லாத சரக்கை இல்லை என்று சொல்லும் பழக்கம் எங்கள் வம்சத்தில் கிடையாது. வழியில் வந்துகொண்டிருக்கிறது என்போம்.

துணிக்குக் கவலையில்லை. பொம்மை செய்கிற ஒருவர் சொல்லிவைத்துவிட்டு ஊரைவிட்டே போனதில், பழுப்பு நிறச் செயற்கை ரோமத் துணி ஒரு உருளை என் அறையில் மூன்று வருஷமாக நின்றிருந்தது. யாரும் திரும்பிப் பார்க்காத சரக்கு. அதனால் கரடி என்று முடிவானது. மிருகத்தை நான் தேர்ந்தெடுக்கவில்லை, கையிருப்பு தேர்ந்தெடுத்தது.

உடம்பளவுதான் இடித்தது. கடை வாசலில் நுழைகிற ஆளைப் பார்த்தே சட்டைக்கு இவ்வளவு, கால்சட்டைக்கு இவ்வளவு என்று சொல்லிவிடுவேன், விரற்கடை தப்பாது. என் முதுகு எவ்வளவு அகலம் என்று எனக்குத் தெரியாது. தனியாகவே முயன்றேன். கால்கள் வந்தன, தொப்பை வந்தது, வலக்கையால் இடக்கையையும் சுற்றிவிட்டேன். முதுகுக்கு ஒரு யுக்தி செய்தேன். டேப்பின் நுனியை ஜன்னல் கொக்கியில் ஒட்டிவிட்டு, பம்பரம்போல் நானே சுற்றிக்கொண்டு போனேன். நாலாவது சுற்றில் நாற்காலியும் சேர்ந்து வந்தது. அதை விடுவிக்க அரைமணி ஆயிற்று.

மறுநாள் கடை ஓய்ந்திருந்த நேரமாகப் பார்த்துத் தம்பியிடம் போனேன்.

"ஞாயித்துக்கிழம ரெண்டு மணி நேரம் மேல வரியா?"

"எதுக்குண்ணே?"

"என் மேல டேப் சுத்தணும்."

கையிலிருந்த பேனாவை வைத்தான். "உடம்புக்கு என்னண்ணே?"

"உடம்புக்கு ஒண்ணுமில்ல. கரடி வேஷம் தைக்கிறேன். அதுக்கு அளவு."

தம்பி என்னைப் பார்த்தான். பிறகு கல்லாவுக்குப் பக்கத்தில் நின்ற விற்பனையாளைப் பார்த்தான்.

"நீங்க நல்லா கரடி விடுவீங்கன்னு சந்தையில ஏற்கெனவே பேச்சு. இப்ப கரடியாவே கெளம்பினா, எவன் நம்பி சரக்கு எடுப்பான்? போங்கண்ணே, போய்ப் படுங்க."

விற்பனையாள் சிரித்தான். நானும் சிரித்தேன். நாமும் சிரித்துவிட்டால் கேட்டதே விளையாட்டு என்று ஆகிவிடும். பேரம் படியாதபோது முகம் கெடாமல் கடையைவிட்டு இறங்க அது ஒரு வழி. தம்பி மனைவியிடம் கேட்பது என்ற பேச்சுக்கே இடமில்லை. அவள் நிழல்கூட என் வாசலைத் தாண்டியதில்லை.

கடைசியில், சந்தையில் எல்லாரும் முடிச்சு என்று கூப்பிடுகிறவர் ஞாபகத்துக்கு வந்தார். சந்தைக்கோடியில் துணிக்கட்டுகளைப் பார்சல் போடுகிறவர். அவர் கட்டிய கட்டு லாரியிலிருந்து விழுந்தாலும் பிரியாது. இருபது வருஷப் பழக்கம். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அவருடைய கிடங்குக்குப் போனேன்.

"ஒண்ணு பார்சல் பண்ணணும்."

"சரக்கு எங்க?"

"நான்தான்."

முடிச்சு என்னை உச்சிமுதல் உள்ளங்கால்வரை பார்த்தார். எடை போடுகிற பார்வை.

"எந்த ஊருக்கு?"

"ஊருக்கெல்லாம் இல்ல. சும்மா சுத்தி, வெட்டி எடுத்துடணும்."

"ஏண்ணே, டெலிவரி எடுக்க ஆள் இல்லையா?"

"ஆள் இருந்தா உன்கிட்ட ஏன் வரேன்?"

விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. அந்த ரோமத் துணியில் தன் வண்டி சீட்டுக்கு ஒரு மீட்டர் வேண்டும் என்றார். அரை என்றேன். "முக்கா. ஓரத்துலேர்ந்து வேணாம், நடுவுலேர்ந்து" என்றார். படிந்தது. எங்கள் தெருவில் வளர்ந்திருக்க வேண்டிய ஆள்.

கணுக்காலிலிருந்து ஆரம்பித்தார். டேப்பைச் சுருளிலிருந்து சர்ரென்று இழுத்து, பல்லால் கடித்து, ஒட்டி, ஒவ்வொரு துண்டையும் உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்தார். முழங்காலை மடக்கச் சொன்னார், நிமிர்த்தச் சொன்னார். இடுப்புக்கு வந்ததும், "மூச்ச இழுங்க. விடாதீங்க. ம், இப்ப விடுங்க" என்றார். இல்லாவிட்டால் துணிக்கட்டுபோல் இறுக்கிவிடுவாராம், கைக்கு அதுதான் பழக்கம்.

பிறகு பின்னால் போனார். இடுப்பெலும்பு, முதுகுத்தண்டு, தோள்பட்டை. டேப்புக்கு அடியில் காற்றுக் குமிழி நிற்கக் கூடாது என்று அகலமான கையைப் பதித்து மேலிருந்து கீழே நீவிக்கொண்டே வந்தார். நான் எதிர்ச்சுவரில் தொங்கிய தராசைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கொஞ்ச நேரத்தில் தராசு கலங்கலாகத் தெரிந்தது.

"வலிக்குதாண்ணே?"

"இல்ல."

"அப்புறம் ஏன் வாயே தொறக்கல? நீங்க பேசாம நின்னா எனக்குப் பயமா இருக்கு."

"பார்சல் பேசுமா?"

"அதுவும் சரிதான்." இரண்டு துண்டு ஒட்டினார். "முதுகு கோணலா இருக்குண்ணே. வலது தோள் எறங்கியிருக்கு. துணி சொமந்து சொமந்து ஆயிருக்கும். யாரும் சொல்லலையா?"

"யாரும் பாக்கல."

முடிச்சு டேப்பை இழுத்தார். அந்த இடத்தில் இன்னொரு துண்டு டேப் ஒட்டி, இரண்டு தரம் நீவினார்.

வெட்ட வேண்டிய நேரம் வந்ததும், "முன்னாடிதானே?" என்றார், கத்தரிக்கோலைப் பிடித்தபடி.

அங்கேதான் என் வம்சம் குறுக்கே வந்து நின்றது. துணியின் முகப்பு சுத்தமாக இருக்க வேண்டும் என்பது எங்களுக்கு மூன்று தலைமுறைப் பாடம். கறையோ, ஒட்டோ, இழை அறுந்த இடமோ, எல்லாக் குறையும் பின்பக்கம் போக வேண்டும். மடித்து அடுக்கினால் தெரியாது, வாங்குகிறவர் முகப்பைத்தான் தடவிப் பார்ப்பார். நெஞ்சுக்கு நடுவில் ஜிப் ஓடுகிற கரடியை என்னால் கற்பனை செய்யவே முடியவில்லை.

"பின்னாடி வெட்டு" என்றேன்.

"நெசமாவா?"

"வியாபாரம் எனக்குத் தெரியும். வெட்டு."

கழுத்திலிருந்து இடுப்புக்குக் கீழே வரை வெட்டினார். வெளியே வந்து திரும்பிப் பார்த்தேன். வலது தோள் இறங்கி, தொப்பை முன்னால் தள்ளி, தலையில்லாமல் நான் நின்றிருந்தேன். அவ்வளவு மோசமான சரக்கு என்று சொல்ல முடியாது.

ஒன்றரை மாதம் தைத்தேன். கூட்டின் மேல் பேனாவால் கோடு போட்டு, ரோமம் படுக்கும் திசைக்கு அம்பு வரைந்து, துண்டு துண்டாக வெட்டிப் பிரித்தேன். வெல்வெட் விற்ற குடும்பம்; ரோமம் எந்தப் பக்கம் படுக்கும் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டாம். துணியைக் கவிழ்த்துப் போட்டு, அடித்துணியை மட்டும் பிளேடால் கீறினேன். கத்தரிக்கோல் போட்டால் ரோமம் மொட்டையாகிவிடும். தைக்கும்போது ரோமத்தை ஊசியால் உள்ளே தள்ளி, தைத்தபின் சீப்பால் இழுத்துவிட்டால் தையல் இருந்த இடமே தெரியாது. அக்குளிலும் தொடையிடுக்கிலும் கை கால் வீச ஒரு சாய்சதுரத் துண்டு. தலைக்கு ஸ்பாஞ்சைச் செதுக்கி, கண்ணுக்கு உள்ளிருந்து மட்டும் தெரிகிற வலை வைத்தேன். மிருகத்துக்குத் தொப்பை வைக்கத் தனியாகப் பஞ்சு வேண்டும் என்று பல்செட்காரர் சொல்லியிருந்தார். எனக்கு அந்தச் செலவு இல்லை.

அறை முழுக்க ரோமம் பறந்தது. தேநீரில் மிதந்தது, தலையணையில் ஒட்டியது. ஒரு நாள் தம்பி மனைவி படியில் நின்றபடியே கேட்டாள்.

"மாமா, பூன ஏதும் வளக்குறீங்களா? கேரியர்ல முடியா வருது."

"இல்லம்மா. துணி முடி."

"சரி மாமா" என்று இறங்கிவிட்டாள். அந்த மாதத்தில் எங்களுக்குள் நடந்த நீளமான பேச்சு அது.

தைக்கத் தைக்கப் போட்டுப் பார்த்துக்கொண்டேதான் வந்தேன், முதுகு திறந்தபடி. ஜிப்பைக் கடைசியில் வைப்பதுதான் முறை. சனிக்கிழமை சாயங்காலம் அதையும் வைத்து முடித்தேன். ஞாயிறு காலை, ஊர்வலத்துக்கு ஒரு மணி நேரம் முன்னால், கரடிக்குள் இறங்கிக் கண்ணாடி முன் நின்றேன். அச்சாகப் பொருந்தியது. ஒரு சுருக்கம் இல்லை, ஒரு தொங்கல் இல்லை. என் தோள் இறங்கிய இடத்தில் கரடியின் தோளும் இறங்கியிருந்தது.

ஜிப்பை இழுத்தேன். இடுப்புவரை வந்தது. அதற்குமேல் கை எட்டவில்லை. மேலிருந்து முயன்றேன், தோளுக்கு மேல் கை வளையவில்லை. துணி கொஞ்சம் தொளதொளத்திருந்தால் உடம்பை உள்ளே நெளித்து எட்டியிருப்பேன். அளவு அவ்வளவு கச்சிதம். ஜிப்பின் நாக்கில் நூலைக் கட்டி மேலே இழுத்தேன். நடு முதுகுவரை ஏறி, ரோமத்தைக் கடித்துக்கொண்டு நின்றுவிட்டது. முன்னேயும் போகவில்லை, பின்னேயும் வரவில்லை.

முடிச்சு ஒரு நிமிஷத்தில் போட்டுவிடுவார். ஆனால் ஞாயிற்றுக்கிழமை சந்தை கிடையாது. அவர் வீடு எங்கே? இருபது வருஷத்தில் கேட்டதில்லை. அவரும் சொன்னதில்லை.

கரடித் தலையை அக்குளில் இடுக்கிக்கொண்டு ஒரு மாடி இறங்கினேன். தம்பி வீட்டுக் கதவுக்குள் தட்டு வைக்கிற சத்தம் கேட்டது. தம்பி ஏதோ சொல்ல எல்லாரும் சிரித்தார்கள். கையைத் தூக்கியவன், மணியை அழுத்தாமல் இறக்கிவிட்டேன். தலையை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினேன்.

பாதி திறந்த முதுகோடு பத்துத் தெரு நடப்பது எப்படி என்று யாரும் எழுதிவைக்கவில்லை. நான் சுவரோரமாக, சுவருக்கு முதுகைக் காட்டியபடி, நண்டுபோல் பக்கவாட்டில் நகர்ந்தேன். சுவர் முடிகிற இடங்களில் மட்டும் வேகமாக நடந்தேன். என்னிடம் துணி வாங்குகிற இரண்டு பேர் எதிரே வந்தார்கள், அடையாளம் தெரியவில்லை. பின்னால் ஒரு பெண்குரல் மட்டும் கேட்டது. "பாரு, கரடி பனியன் போட்டிருக்கு."

பூங்காவில் எல்லாரும் வரிசையாகி நின்றார்கள். நரி, இரண்டு மான், முயல், பாண்டா. எல்லாருக்கும் நெஞ்சிலிருந்து கீழே ஓடுகிற ஜிப். முகப்பு கெட்டுவிட்டது என்று யாரும் வருத்தப்படுவதாகத் தெரியவில்லை. ஓநாய் என்னைக் கண்டு பாதத்தை ஆட்டியது. நான் வரிசையின் நடுவில் போய் நின்றேன். வேடிக்கை பார்க்கிறவர்கள் நெருக்கிக்கொண்டிருந்தார்கள்.

அப்போது பின்னாலிருந்து யாரோ முதுகுத் துணியின் இரண்டு ஓரங்களையும் சேர்த்துப் பிடித்தார்கள். நான் அசையவில்லை. ஜிப் கடித்திருந்த ரோமத்தை ஒவ்வொன்றாக, அவசரமில்லாமல், விரல்கள் பிரித்தெடுத்தன. பிறகு ஜிப் கழுத்துவரை ஏறியது. முதுகில் ஒரு கை, லேசாக, ஒரு தட்டு.

கரடிக் கண்ணுக்கு நேரே உள்ளது மட்டும்தான் தெரியும், கழுத்து திரும்பாது. உடம்போடு திரும்ப நேரமாயிற்று. முயல் நின்றது, நரி நின்றது, கையில் பையோடு ஒரு கிழவர், குழந்தையைத் தூக்கிய ஒருத்தி, இன்னும் பத்துப் பேர். யாரும் என்னைப் பார்க்கவில்லை. மிருகப் பாதம் மாட்டிய கையால் ஜிப்பிலிருந்து ரோமத்தைப் பிரிக்க முடியாது. ஆகவே அது வெறுங்கை. அதற்குமேல் என் சாமர்த்தியம் போகவில்லை. பேசக் கூடாது என்பதால் கேட்கவும் முடியவில்லை. ஊர்வலம் நகர்ந்தது.

பாலம்வரை என்னை நிறையப் பேர் கட்டிப்பிடித்தார்கள். நல்லாத்தான் இருந்தது. ஆனால் அந்த ரோமமும் அதன் அடித்துணியும் கனம். பக்கத்து வீட்டுக் கதவை யாரோ தட்டுவது நமக்குக் கேட்பதுபோலத்தான் அந்த அணைப்பு எனக்கு எட்டியது. நானும் கட்டிப்பிடித்தேன், மூன்று எண்ணி விட்டேன். அவர்களுக்கு எப்படி இருந்ததோ.

முடிந்ததும் எல்லாரும் தலையையும் பாதங்களையும் கழற்றினார்கள், ஜிப்பை அவரவரே இறக்கினார்கள். வீட்டார்கள் தண்ணீரும் துண்டுமாக வந்தார்கள். பல்செட்காரரின் மனைவி அவர் வழுக்கையைத் துடைத்துவிட்டார். பிறகு பல்செட்காரர் என்னைச் சுற்றி வந்து பார்த்தார்.

"அளவுன்னா இது அளவு. பத்து வருஷமா நடத்துறேன், இப்படிப் பாத்ததில்ல. யாரு சுத்திவிட்டது?"

"வீட்டுல" என்றேன்.

"முதுகுல ஜிப்பு வெச்சிருக்கீங்க."

"வீட்டுல ஆள் இருக்கே, அந்தத் தைரியம்தான்."

"குடுத்து வெச்சவர்" என்றார். வீட்டில் ஆள் இருக்கிறது என்று சொன்னவன் இன்னொருவரிடம் ஜிப்பை இறக்கச் சொல்ல முடியாது. விற்ற பொய்யைத் திருப்பி வாங்குகிற கடை கிடையாது. கரடியாகவே வீடு திரும்பினேன்.

வெயில் சாயவில்லை. மேலே அறைக்குப் போய், தலையையும் பாதங்களையும் கழற்றி மேஜையில் வைத்து, இரண்டு செம்பு தண்ணீர் குடித்தேன். ஜிப்பை இறக்கப் பார்த்தேன். நாக்குக்குப் பக்கத்தில் மறுபடி ரோமம் மாட்டியிருந்தது. கதவின் கொக்கியில் மாட்டி இழுத்தேன், கதவுதான் ஆடியது. பிளேடு கைக்கு எட்டிய தூரத்தில் இருந்தது. வயிற்றுப் பக்கம் ஒரே கீறலில் வெளியே வந்துவிடலாம். எடுத்துப் பிடித்தேன். ஒன்றரை மாதத் தையல், ஒரு சுருக்கமில்லாத முகப்பு. உள்ளே வியர்வை முழங்கால்வரை இறங்கிக்கொண்டிருந்தது. பிளேடைக் கீழே வைத்துவிட்டேன்.

படியிறங்கினேன். தம்பி வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. இந்த முறை உள்ளே என்ன சத்தம் என்று காது கொடுக்கவில்லை. மணியை அழுத்திவிட்டு, கதவுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டேன். யார் திறந்தாலும் அவர்கள் முகத்தை நான் பார்க்க வேண்டியதில்லை.

"யாரு?" தம்பி மனைவியின் குரல்.

"நான்தாம்மா. முதுகுல ஒரு ஜிப்பு இருக்கு, கை எட்டல."

தாழ்ப்பாள் விலகியது. கதவு திறந்தது. உள்ளே தம்பி "யாருடி அது?" என்று கேட்டான். பிறகு கழுத்துக்குக் கீழே துணியை யாரோ இரண்டு விரலால் தூக்கிப் பார்ப்பது தெரிந்தது.

"அசையாதீங்க மாமா. முடி மாட்டியிருக்கு. சின்னக் கத்தரிக்கோல் எடுத்துட்டு வரேன்" என்று உள்ளே போனாள்.

கதவைச் சாத்தாமல் போனாள்.